கடலோர மலைச் சரளைப் பாதைக்கு எந்த சைக்கிள்?

கேள்வி: கடலை ஒட்டிய மலைத்தொடரில் மூன்று நாள், 180 கிலோமீட்டர் ஓட்டத் திட்டம். பாதி தார், பாதி சரளை. மொத்த ஏற்றம் 4,200 மீட்டர் என்று செயலி காட்டுகிறது. இதற்காக கிராவல் சைக்கிள் (சரளையிலும் ஓடும்படி அகல டயரோடு வருவது) வாங்கப் போகிறேன். இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கார்பன் ஃபிரேம், முன்னால் 42 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 36 பல், 38 மி.மீ. டயர். இன்னொன்று அலுமினியம், ஒன்றரை கிலோ கூடுதல், முன்னால் 40 பல், பின்னால் 51, டயர் 45 மி.மீ. விலை ஏறக்குறைய ஒன்றுதான். மலைக்கு எடை குறைவுதான் முக்கியம் என்று கடைக்காரர் கார்பனைக் காட்டுகிறார். எதை எடுக்கலாம்?

பதில்: அலுமினியத்தை எடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

180 கி.மீ.யில் பாதி ஏற்றம் என்று வைத்தால், 100 மீட்டருக்கு 4.7 மீட்டர் ஏறுவதாக வரும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கடலோர மலையில் இந்தச் சராசரியை நம்பக் கூடாது. மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் இடங்களில் ஓடைகள் குட்டையாகவும் ஆழமாகவும் வெட்டியிருக்கும். பாதை ஒவ்வொரு ஓடை வாய்க்கும் இறங்கி, உடனே மறுபக்கம் ஏறும். அந்த ஏற்றங்கள் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் 12 சதவீதம், 15 சதவீதம் என்று செங்குத்தாக நிற்கும். நீங்கள் வாங்கும் கியர் அந்த இடத்துக்குத்தான் பொருந்த வேண்டும்.

நீங்களும் சைக்கிளும் பைகளும் சேர்ந்து 90 கிலோ என்று வைப்போம். 42-க்கு 36 கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் சுமார் 2.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினாலே மணிக்கு 9 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். 12 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு மேலே தூக்கும் வேலைக்கு மட்டும் சுமார் 270 வாட் வேண்டும். 40-க்கு 51-இல் அதே 60 சுற்றுக்கு 6 கி.மீ. சொச்சம், 185 வாட் போதும். பழக்கமுள்ள பலர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 150 முதல் 200 வாட். அதாவது ஒரு சைக்கிளில் உட்கார்ந்து ஏறலாம், இன்னொன்றில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். சரி, அந்த ஒன்றரை கிலோவுக்கு என்ன விலை? அதே வேகத்தில் வெறும் 3 வாட்.

தார்ச்சாலை என்றால் எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். சரளையில் எழுந்தவுடன் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து டயர் சறுக்கும், மிதித்த பலம் கல்லைச் சிதறடிப்பதில் போய்விடும். உட்கார்ந்தபடியே மெதுவாகச் சுற்ற முடிவதால்தான் சின்ன கியரை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

டயரிலும் 45 மி.மீ. நல்லது. 2 முதல் 2.5 பார் வரை காற்று வைத்தால் கூர்மையான கல் மேல் ரிம் அடிபடாமல் போகும், கையும் மரத்துப் போகாது. ரிம் ஹுக்லெஸ் வகையா, அதாவது டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகைக்கு 5 பார்தான் உச்ச வரம்பு, டயரில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்) என்றால் உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். ஆறு மாதம் முன்பு ஊற்றியதை நம்பிக் கிளம்ப வேண்டாம். முள் குத்தினால் அது அடைத்துக்கொள்ளும், ஆனால் கல் பக்கவாட்டைக் கிழித்தால் அடைக்காது. ஒருமுறை எனக்கு அப்படி ஆனது. விரல் நகம் அளவு கிழிசல், வெள்ளைத் திரவம் நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. பழைய டயரில் வெட்டி வைத்திருந்த ஒரு துண்டை உள்ளே வைத்து, ட்யூப் போட்டு ஓட்டினேன். அந்தத் துண்டையும் ஒரு ட்யூபையும் இன்றும் பையில் வைத்திருக்கிறேன்.

கையில் பணம் மிச்சமிருந்தால் அது பிரேக்குக்குப் போகட்டும். ஈரமும் மணலும் சேர்ந்தால், டிஸ்க்கை அழுத்தும் பிரேக் கட்டைகளில் பிசினால் ஆன ரெசின் பேட் வேகமாகத் தேயும். சின்டர்ட் எனும் உலோக பேட் கூடுதலாக உழைக்கும், சத்தம் போடும். ஆனால் சில டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு ஜோடி உபரி பேட் கட்டாயம்.

கேள்வி: முன்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள கிராவல் சைக்கிள் எடுக்கலாமா?

பதில்: முதலில் டயரை அகலமாக்கிக் காற்றைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இறக்கத்தில் கை வலித்தால் யோசிக்கலாம். கடற்காற்றில் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சீல்களையும் அடிக்கடி கவனிக்க வேண்டிவரும்.

கேள்வி: கடலோரத்தில் வசிக்கும் ஒருவரிடம் மூன்று ஆண்டு பழைய கிராவல் சைக்கிள் விலைக்கு வருகிறது. பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: பளபளப்பை மறந்துவிட்டு நேராக சீட் போஸ்ட்டுக்கு, அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய்க்குப் போங்கள். இப்போதைய உயரத்தை ஒரு டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடித்துத் திருப்புங்கள். திரும்பவில்லை என்றால் வாங்க வேண்டாம், எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. நான் இதைச் சோதிக்காமல் ஒன்றை வாங்கினேன். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட். சந்தில் உப்பு மாதிரி ஒரு வெள்ளைத் தூள் தெரிந்தது, தூசி என்று துடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் எண்ணெய் விட்டு ஒரு வாரம் தலைகீழாக வைத்தும் அசையவில்லை. கடைசியில் மெக்கானிக் அறுத்துத்தான் எடுத்தார். உப்பு ஈரம் நடுவே இருக்க, கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் பேட்டரி மாதிரி வேலை நடக்கும், அரிக்கப்படுவது அலுமினியம்தான். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. வாங்கியபின் அவ்வப்போது கழற்றித் துடைத்து, உலோக ஃபிரேமுக்கு கிரீஸும் கார்பனுக்கு அதற்கென உள்ள பேஸ்ட்டும் தடவி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

அப்புறம் ஸ்போக்ஸ் கம்பி ரிம்மோடு சேரும் நிப்பிள்கள். அங்கேயும் அதே வெள்ளைத் தூள் இருந்தால் அலுமினிய நிப்பிள் அரிக்கத் தொடங்கிவிட்டது, ஒரு நாள் சரளையில் பட்டென்று உடையும். பித்தளை நிப்பிள் என்றால் நிம்மதி. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கையில் மணல் அரைவது போல உணர்ந்தால் பேரிங் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். 10 ஜோடி கண்ணி புதிதில் சரியாக 254 மி.மீ. இருக்கும். 11, 12 கியர் செயினில் அது 255.3-ஐத் தொட்டால் மாற்றும் நேரம். அதையும் தாண்டி ஓட்டியிருந்தால் பின்சக்கரப் பற்களும் தேய்ந்திருக்கும், அது பெரிய செலவு.

கேள்வி: ஒரு கடலோர மலைப் பாதைக்கான ஜிபிஎக்ஸ் கோப்பை (செயலியில் போட்டுப் பின்தொடரும் பாதைக் கோடு) பணம் கொடுத்து வாங்கினேன். ஏற்றம் 2,900 மீட்டர் என்று விற்றவர் சொன்னார். என் செயலியில் போட்டால் 3,800 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பல செயலிகள் நிலத்தின் உயரத்தைச் சதுரக் கட்ட அட்டவணையில் இருந்துதான் எடுக்கின்றன. 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்தில் இருந்து ராடாரால் அளந்த, பரவலாகப் பயன்படும் அட்டவணையில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். சமவெளியில் இது பிரச்சினையே இல்லை. செங்குத்துப் பாறையின் இடுப்பில் வெட்டிய பாதையில் கோடு 15 மீட்டர் விலகினாலும் உயரம் 20 மீட்டர் ஏறி இறங்கிவிடும். தட்டையான பாதைகூடப் பல் பல்லாக ஏறி இறங்குவதாகக் கணக்கில் சேரும். சுரங்கப் பாதை இருந்தால் மலையின் மேல் ஏறிப் போனதாகவே காட்டும். காற்றழுத்தமானி உள்ள கருவியோடு ஒருவர் ஓட்டிப் பதிந்த அளவு இதைவிட நம்பகமானது. விற்றவரிடம் 2,900 எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள்.

இனி வாங்கும்போது ஏற்றத்தைவிட முக்கியமாக இன்னொன்றைக் கேளுங்கள். பாதையைக் கடைசியாக எந்த மாதம் ஓட்டிப் பார்த்தார்கள்? மழைக்குப் பிறகு மண் சரியும் மலை இது. போன வருடம் இருந்த பாதை இந்த வருடம் பாதியில் அறுந்திருக்கலாம், நடுவில் பூட்டிய கேட் வந்திருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மண்பாதைகளை 1 முதல் 5 வரை தரம் பிரித்திருப்பார்கள், 1 இறுகிய தரை, 5 மெத்தென்ற மண். தனியார் நிலம் என்றாலும் பல இடங்களில் குறித்திருக்கும். வாங்கிய கோட்டை அதன்மேல் போட்டு, 4, 5 தரம் வரும் இடங்களையும், நடுவே தார்ச்சாலைக்கு வெளியேற வழியுள்ள இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள். மலைமடிப்புக்குள் போனால் பல இடங்களில் சிக்னல் இருக்காது.