பால்மா ரின்னும் பம்பர்ஸ் பக்கெற்றும்

கேள்வி: அக்கா, என் மகனுக்கு மூன்று மாதம். கணவர் யாழ்ப்பாணம் நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். தாய்ப்பால் கொடுக்கிறேன். ஆனால் பிள்ளை இரவில் அழுவதால் பால் போதவில்லை என்று மாமி சொல்ல, போன மாதம் முதல் ரின் பால்மாவும் கொடுக்கிறோம். அதற்கும் பம்பர்ஸுக்குமே சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. எதைக் குறைப்பது?
– இளம் தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, ரின்னிலிருந்து தொடங்குவோம். பசி இல்லாத பிள்ளையும் இரவில் அழும். பால் போதுமா என்று அறிய, கிளினிக் கொப்பியில் எடைக்கோடு மேலே ஏறுகிறதா, நாளொன்றுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறானா என்று பாருங்கள். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். ஒரு வேளை போத்தலுக்குப் போனால் அந்த வேளைக்கான பால் மார்பில் குறையும். அடுத்த மாதம் ஒரு ரின் இரண்டாகும்.

அதற்காகச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். எடையைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வழி காட்டுவார். போகும்போது மாமியையும் கூட்டிச் செல்லுங்கள். உத்தியோகத்தர் சொன்னால் கேட்பார். மருமகள் சொல்லி எந்த மாமி கேட்டார்? ரின் இருக்கும்வரை மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது மட்டும் ஒருநாளும் வேண்டாம். அது பிள்ளையின் வயிற்றில் கை வைக்கும் சிக்கனம்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. உங்கள் ஊர் அடங்கிய வலிகாமப் பகுதியில் தோட்ட உரமும் மலக்குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் பிள்ளைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே பரிசோதித்த தண்ணீரில்தான் பால்மா கரைக்க வேண்டும். ரின்னின் விலையோடு அந்தத் தண்ணீரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். தாய்ப்பாலுக்கு இந்த இரண்டு செலவும் இல்லை.

இனிப் பம்பர்ஸ். நாளுக்கு ஆறு என்றால் மாதம் 180. இரவுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று என்று வைத்தால் 60 போதும். மற்ற நேரத்துக்கு நூல்துணி கட்டுங்கள். ஏணை கட்டிய பழைய நூல்சேலையில் ஒன்றைக் கிழித்தாலே பல துண்டு தேறும். துணி கட்டினால் எத்தனை தடவை நனைத்தான் என்று எண்ணவும் முடியும். மேலே சொன்ன ஆறு கணக்குக்கு அது உதவும். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் சவர்க்காரம் நுரைக்காது, காய்ந்த துணி அப்பளம்போல் விறைக்கும். நன்றாக அலசி, கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் கிடைத்தால் பாவித்து, காய்ந்தபின் கையால் கசக்கி மடியுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம், ஈரம் உறிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது. அந்த இரண்டு மாதமும் பம்பர்ஸ் கூடுதலாகப் போனால் மனம் வருந்தாதீர்கள்.

வாங்கும்போது பக்கெற்றின் விலையை உள்ளே இருக்கும் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றின் விலையை ஒப்பிடுங்கள். மலிவு என்று சிறிய அளவில் பெரிய பக்கெற் வாங்கி அடுக்க வேண்டாம். பிறந்த எடை ஐந்து மாதமளவில் இரட்டிப்பாகும். மூன்று கிலோவாகப் பிறந்தவன் ஆறு கிலோவாகும்போது பாதிப் பக்கெற் மூலையில் கிடக்கும்.

ஆறு மாதம் முடிந்து சோறு தீத்தத் தொடங்கும்போது ரின் உணவு தேவையில்லை. குழைந்த சோறும் பருப்பும், மசித்த மீன், முட்டை, ஈரல் எல்லாம் உங்கள் அடுப்படியிலேயே ஆகும். உப்பும் சீனியும் ஒரு வயதுவரை வேண்டாம், தேனும் கூடாது. எடை குறைந்த பிள்ளை என்றால் திரிபோஷா என்ற இலவசச் சத்துமா கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

கேள்வி: என் மகளின் முதலாவது பிறந்தநாளுக்கு வோக்கர் வாங்கச் சொல்லிக் கனடாவிலிருந்து அண்ணா காசு அனுப்பியிருக்கிறார். எப்படிப்பட்டதை வாங்கலாம்?
– சுன்னாகம்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். அண்ணா இருக்கும் கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து அதை விற்கவே தடை. பிள்ளை விறாந்தைப் படியில் உருளும், எட்டாத சுடுதண்ணீர்ப் பானையை எட்டும். நடையும் அதனால் முந்தி வராது. பாயை விரித்துவிடுங்கள். காசைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு, புத்தகத்தைப் படமெடுத்து அண்ணாவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: பம்பர்ஸ் பக்கெற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் வேறு விலை ஒட்டியிருந்தார்கள். கேட்டதற்கு, 'வேண்டுமானால் வாங்குங்கள்' என்றார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
– சாவகச்சேரி

பதில்: அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்தில் முறையிடுவதென்றால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒட்டிய தாளைக் கிழிக்காமல் பக்கெற்றை அப்படியே வைத்திருங்கள்.