ஆர்டர் நழுவாமல் இருக்க எந்த ஆப் வாங்கலாம்?

கேள்வி: வீட்டிலிருந்தே துணிப் பைகளும் குஷன் உறைகளும் தைத்து விற்கிறேன். தனியாள்தான்; வேலை கூடினால் தங்கை உதவிக்கு வருவாள். ஆர்டர்கள் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், போன் என்று எல்லாப் பக்கமும் வருகின்றன. ட்ரெல்லோ, நோஷன், கூகுள் கீப் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு வாரம் ஓடும், அப்புறம் திறக்கவே மாட்டேன். போன மாதம் ஒரு ஆர்டரை அடியோடு மறந்துவிட்டேன். இன்னொருவருக்கு நீலப் பைக்குப் பதில் பச்சைப் பை போய்விட்டது. எந்தத் தேதி சொன்னாலும் அந்தத் தேதிக்குள் முடிவதும் இல்லை. காசு கொடுத்தாவது நல்ல ஆப் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். எது வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் போட்டுப் பார்த்த மூன்றுமே நல்ல கருவிகள்தான். ஆர்டர் எந்த இடத்தில் நழுவுகிறது என்று பார்க்காமல் கருவியை மட்டும் மாற்றினால், நான்காவதும் இரண்டு வாரம்தான் ஓடும்.

மறந்துபோன அந்த ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். அநேகமாக இப்படித்தான் நடந்திருக்கும். தைத்துக்கொண்டிருக்கும்போது செய்தி வந்திருக்கும். மெஷினை நிறுத்தி, "சரிங்க, செஞ்சு தரேன்" என்று பதில் போட்டிருப்பீர்கள். பதில் போட்ட அந்த நொடியில் செய்தி 'படித்தது' ஆகிவிடுகிறது. பிறகு வந்த செய்திகள் அதைக் கீழே தள்ளிவிடும். நீலம், பச்சை விஷயத்திலும் முதலில் பச்சை என்று எழுதியவர், இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவில் "நீலமே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கக்கூடும். நீங்கள் கேட்டும் இருப்பீர்கள். ஆனால் துணி வெட்டும் நேரத்தில் கண்ணில் பட்டது எழுத்தில் இருந்த பச்சைதான்.

அதாவது வாட்ஸ்அப்பே உங்கள் ஆர்டர் புத்தகமாக இருந்திருக்கிறது. அது பேசுவதற்கான இடம். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்களைத்தான் மேலே காட்டும். யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று காட்டாது. ட்ரெல்லோவும் நோஷனும் தனியாக ஒரு மூலையில் இருந்தன. ஆர்டரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது 'நேரம் கிடைக்கும்போது' செய்யும் வேலையாக இருந்திருக்கும். அந்த நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

ஆகவே முதலில் ஒரு விதி: பதிவு முன்னால், பதில் பின்னால். எந்த வழியில் ஆர்டர் வந்தாலும், அது ஒரே இடத்தில் எழுதப்பட்ட பிறகுதான் வாடிக்கையாளருக்கு "சரி" போக வேண்டும். தைக்கும் நடுவில் செய்தி வந்தால் திறக்காமல் விடுங்கள், அல்லது திறந்தால் எழுதிவிட்டே பதில் போடுங்கள். எழுதியதை அப்படியே வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள்: "ஆர்டர் 47: ஜிப் வைத்த பெரிய பை, நீலம், 6. கொடுப்பது 28ஆம் தேதி. அட்வான்ஸ் வந்தது, மீதி அனுப்பும் முன். சரிதானா?" அவர் "ஆமாம்" என்று எழுதும்வரை துணியில் கத்தரி வைக்காதீர்கள். நடுவில் நிறம் மாறினால் வரியைத் திருத்தி மறுபடி ஒருமுறை அனுப்புங்கள். பச்சைப் பை போன பிரச்சினை இந்த ஒரு பழக்கத்திலேயே தீர்ந்துவிடும், ஒரு ஆப்பும் தேவையில்லை.

எங்கே எழுதுவது? கையில் ஒரே சமயத்தில் பத்துக்கும் குறைவான ஆர்டர்கள்தான் இருக்கும், நீங்கள் மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால், மெஷின் பக்கத்தில் ஒரு நீள நோட்டே போதும். நூலும் துணியுமாக இருக்கும் கையால் போனில் தட்டுவதைவிடப் பேனா வேகமானது. தினமும் மாலையில் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்தால், நோட்டு தொலைந்தாலும் கவலை இல்லை. ஆனால் உங்களுக்குத் தங்கையும் உதவுகிறார். அவர் உங்களைக் கேட்காமலே அடுத்த வேலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். "இந்த வாரம் யாருக்கெல்லாம் கொடுக்கணும்?", "யார் பாக்கி வைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்விகளும் தினம் வரும். நோட்டில் இதற்குப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது கூகுள் ஷீட்ஸ், அதாவது கட்டம் கட்டமாக எழுதும் அட்டவணை. இலவசம், இருவர் போனிலும் திறக்கலாம், கொடுக்கும் தேதிப்படி ஒரு தட்டில் வரிசைப்படுத்தலாம்.

ஷீட்டில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளை (column) அதிகமாக்காதீர்கள். ஆர்டர் எண், வந்த தேதி, பெயர், என்ன வேண்டும் (அளவு, நிறம், எண்ணிக்கை), கொடுக்கும் தேதி, அட்வான்ஸ், பாக்கி, நிலை, அனுப்பிய தேதி. இவ்வளவுதான். நிலைக்கு நீங்கள் வாயால் சொல்லும் சொல்லையே வையுங்கள்: 'பதில் வரணும்', 'துணி வரணும்', 'வெட்டியாச்சு', 'தைச்சாச்சு', 'அனுப்பியாச்சு'. இதில் 'பதில் வரணும்' என்பதை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் அளவு சொல்லக் காத்திருக்கும் ஆர்டர்தான் சத்தமில்லாமல் மறந்துபோகும். அது உங்கள் கையிலும் இல்லை, அவர் நினைவிலும் இல்லை. நோஷனில் இதையெல்லாம் இன்னும் அழகாகச் செய்யலாம் என்பது உண்மை. அந்த அழகுபடுத்தும் வேலைதான் பலருடைய மாலை நேரத்தைத் தின்றுவிடுகிறது. எட்டு ஒன்பது பத்தியில் முடியும் தொழிலுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, தேதி தவறுவதற்கு வருவோம். எந்த ஆப்பும் தீர்க்காத பிரச்சினை இதுதான். ஆனால் இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் வேலைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்தது அது. கையில் நிற்கும் ஆர்டர்களின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடித்து அனுப்பும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஆர்டர் முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்பது வரும். கையில் 24 ஆர்டர், வாரம் 8 முடிக்கிறீர்கள் என்றால் மூன்று வாரம். அந்த நிலையில் புதிதாக வருபவரிடம் "அடுத்த வாரம்" என்று சொன்னால், அன்றே அந்தத் தேதி தவறிவிட்டது. "அந்தப் பை தைக்க ஒரு மணி நேரம்தானே" என்று நாம் நினைப்பது தைக்கும் நேரத்தை வைத்து. அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் 24ஐ மனம் கணக்கில் எடுப்பதில்லை.

இது உங்களுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. 1994இல் வெளியான ஒரு கனடிய உளவியல் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். அதனால்தான் 'வந்த தேதி', 'அனுப்பிய தேதி' இரண்டையும் பத்தியாக வைக்கச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அவற்றின் இடைவெளியைப் பாருங்கள். வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய தேதி அங்கே இருக்கிறது, உங்கள் நம்பிக்கையில் இல்லை. அவசர ஆர்டர் ஏற்பதாக இருந்தால், வரிசையில் யாரைப் பின்னால் தள்ளுகிறீர்கள் என்று ஷீட்டைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ட்ரெல்லோவில் நீங்கள் பார்த்த, அட்டைகளைப் பத்தி பத்தியாக நகர்த்தும் முறைக்குக் கான்பான் என்று பெயர். 1950களில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் உயிர் அட்டையில் இல்லை, வரம்பில் இருக்கிறது. தைப்பதில் ஒரே நேரத்தில் மூன்று ஆர்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், ஒன்று முடிந்தால்தான் அடுத்ததை வெட்டலாம். பெரும்பாலோர் வரம்பு வைக்காமல் அட்டைகளை மட்டும் அடுக்குகிறார்கள். பாதி வெட்டிய, பாதி தைத்த துணிகள் அறை முழுக்கக் கிடக்கும், முழுசாக முடிந்தது ஒன்றும் இருக்காது. வரம்பை ஷீட்டிலேயே வைக்கலாம், இதற்காக ட்ரெல்லோவுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் அட்டையின் முதல் வேலை, 'சரக்கு தீரப்போகிறது, கொண்டு வா' என்று சொல்வது. அது உங்களுக்கு அப்படியே பொருந்தும். ஜிப், அடிக்கடி போகும் நிறத் துணி, பார்சல் உறை போன்றவற்றில் கடைசிக் கட்டுக்கு முன்னால் ஒரு அட்டையைச் சொருகி வையுங்கள். பொருளின் பெயர், எவ்வளவு வாங்க வேண்டும், வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று அதில் எழுதியிருக்கட்டும். கை அட்டையில் பட்ட அன்றே ஆர்டர் போடுங்கள். வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாளுக்குப் போதுமான அளவு அட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. வீட்டில் உள்ள ஒவ்வொரு நூற்கண்டையும் ஸ்டாக் ஆப்பில் ஏற்றும் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலண்டரில் தேதி மாறாதவற்றை மட்டும் போடுங்கள்: கூரியர் எடுக்க வருவது, கட்டணம் கட்டும் கடைசி நாள். 'நேரம் இருந்தால் செய்யலாம்' வகை வேலைகளை அங்கே போட்டால், நினைவூட்டலைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, முக்கியமானதையும் தள்ளிவிடப் பழகிவிடுவீர்கள். சாதாரண வாட்ஸ்அப்பில் இருந்தால் வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறுங்கள். இலவசம்தான், உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டலாம், திரும்பத் திரும்ப அனுப்பும் பதில்களைச் சேமித்து வைக்கலாம். லேபிள் ஒட்டியாயிற்று என்பதற்காக ஷீட்டில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறை பில் போடவும் படம் திருத்தவும் நன்றாக இருக்கும். தையலுக்கு அதைச் சொல்லமாட்டேன். மணி அடிக்கும்போது ஊசி பாதித் தையலில் நிற்கும். அங்கே ஒரே துணியில் வருபவற்றைச் சேர்த்து வெட்டுவதும், செய்திகளை நாளில் இரண்டு மூன்று முறை மட்டும் பார்ப்பதும்தான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

பை படங்களுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2025-03-14-ஆர்டர்47-நீலம்'. பெயர்ப்படி வரிசைப்படுத்தினாலே தேதிப்படியும் வந்துவிடும். இடத்தையும் கவனியுங்கள். கூகுள் தரும் இலவச 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அது நிறைந்துவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். படங்களால் தொழில் மெயில் அடைபட்டுப் போக வேண்டாம்.

காசு கொடுத்து வாங்கும் கேள்வி பிற்பாடு வரலாம். ஷீட் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய பிறகும் ஒரே வேலை தினமும் கையைக் கடித்தால், உதாரணமாக ஒவ்வொரு பில்லையும் கையால் தட்டுவது, அந்த ஒரு வேலைக்கான ஆப்பை வாங்குங்கள். வாங்கும் முன், உள்ளே போட்ட தகவலை சிஎஸ்வி கோப்பாக (எந்த ஷீட்டிலும் திறக்கக்கூடிய எளிய கோப்பு) வெளியே எடுக்க முடியுமா என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். வுண்டர்லிஸ்ட் என்ற பிரபலமான பட்டியல் ஆப் 2020இல் மூடப்பட்டது. எவர்நோட் என்ற குறிப்பு எழுதும் ஆப் 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்போடு நிறுத்திக்கொண்டது. உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இன்னொருவருடைய முடிவை நம்பி இருக்கக் கூடாது.

தொடங்குவதற்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். போன மாதம் முழுக்க வந்த செய்திகளை மூன்று இடத்திலும் மேலிருந்து கீழே பார்த்து, இன்னும் முடியாத ஆர்டர்களை மட்டும் ஷீட்டில் ஏற்றுங்கள். சலிப்பான வேலைதான், தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க ஒருவர் எழுதினால் சீக்கிரம் முடியும். ஏற்றிய ஒவ்வொருவருக்கும் அந்த உறுதிச் செய்தி அன்றே போகட்டும். தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன தாமதத்தைப் பலர் பொறுத்துக்கொள்வார்கள். பிறகு வாரத்தின் முதல் நாள், மெஷினில் உட்காரும் முன், போன வாரத்திலிருந்து நிலை மாறாமல் நிற்கும் வரிகளை மட்டும் பாருங்கள். ட்ரெல்லோ, நோஷன், கீப் மூன்றிலும் கிடக்கும் பழைய குறிப்புகளில் தேவையானதை எடுத்துக்கொண்டு, அந்த மூன்றையும் போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.