ரத்த அணுக்கள் இயல்பாகிவிட்டன, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்காக ஐந்து மாதங்களாக இமாட்டினிப் 400 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறார். வெள்ளையணுக்கள் இயல்பு அளவுக்கு வந்துவிட்டன. ஆனால் காலையில் கண்ணிமைகள் வீங்குகின்றன. இரவில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. ‘நோய்தான் போய்விட்டதே’ என்று மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். நிறுத்தலாமா?

பதில்: இப்போது நிறுத்தவே கூடாது. காரணத்தையும் அவருக்கு விளக்குங்கள். வெறும் கட்டளையாகச் சொன்னால் மனம் ஒப்பாது.

செல்கள் தம் இஷ்டத்துக்குப் பெருகுவதில்லை. வளர்ச்சிக் காரணி ஒன்று வந்து செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் ஒட்டினால்தான் உள்ளே வேலை தொடங்கும். கைனேஸ் எனப்படும் நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தில் பொருத்தும். அது தூண்டப்பட்டு அதற்கடுத்ததைத் தூண்டும். இப்படிக் கைமாறிக் கைமாறி, ‘பிரிந்து பெருகு’ என்ற செய்தி உட்கருவை எட்டும். வேலை முடிந்ததும் வேறு நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிட, செய்தி அடங்கும். இந்த அடக்கம் தவறும்போதுதான் ஆபத்து.

உங்கள் தந்தையின் எலும்பு மஜ்ஜையில், ரத்த அணுக்களை உருவாக்கும் ஒரு தண்டுசெல்லின் 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட்டன. இந்த இடமாற்றத்தை 1973இல் கண்டறிந்தவர் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி. இதனால் ஏபிஎல் என்ற கைனேஸின் மரபணு, பிசிஆர் (BCR) என்ற மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் புரதம், விரலை எடுத்த பிறகும் அழுந்தியபடியே சிக்கிக்கொண்ட அழைப்பு மணிப் பொத்தானைப் போன்றது. வெளியிலிருந்து எந்த உத்தரவும் வராமலேயே வெள்ளையணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

அந்தப் புரதத்தில் ஏடிபி உட்கார வேண்டிய குழியில் இமாட்டினிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாஸ்பேட் கிடைக்காததால் செய்தி நின்றுபோகிறது. 2001இல் இந்த மருந்து வந்த பிறகு, இந்நோயாளிகளின் வாழ்நாளே நீண்டது. ஆனால் பழுதான மரபணு அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுமக்கும் தண்டுசெல்களில் சில மஜ்ஜையில் உயிரோடிருக்கும். மாத்திரை நின்றால் அவை மீண்டும் கிளம்பும். விட்டுவிட்டுச் சாப்பிடுவதும் நோய்க்கு இடம்கொடுப்பதுதான்.

கண் வீக்கமும் தசைப்பிடிப்பும் இம்மருந்தில் அடிக்கடி காண்பவை. மருந்தை உணவோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் சாப்பிட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். தொல்லை தாங்க முடியாவிட்டால் மருத்துவர் அளவை மாற்றலாம். வேறு கைனேஸ் தடுப்பு மருந்துகளும் இருக்கின்றன. மூச்சுத்திணறலோ, எடை வேகமாகக் கூடுவதோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள். மூலிகை மருந்துகளைக்கூட மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். சில, இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும்.

வெள்ளையணு எண்ணிக்கையை வைத்து நோய் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. பிசிஆர்-ஏபிஎல் அளவைக் காட்டும் மூலக்கூறுப் பரிசோதனையை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பல ஆண்டுகள் மருந்து எடுத்து, அந்த அளவு மிகமிகக் குறைந்த நிலையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நீடித்தால், மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்திப் பார்க்கலாம். அப்படி நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினாலும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் தெரிந்துவிடும். அதனால் அப்போது மாதந்தோறும் பரிசோதிப்பார்கள். மாத்திரையை மீண்டும் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்குமே கட்டுப்பட்டுவிடுகிறது.