உறங்கிக் கிடந்த வைரஸ் புற்றுநோய் ஆகிவிடுமா?

கேள்வி: எனக்கு 41 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. முகாமில் எடுத்த பரிசோதனையில் ‘ஹெச்.பி.வி. 16 பாசிட்டிவ்’ என்றும், பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் செல்களைச் சோதிப்பது) நார்மல் என்றும் வந்திருக்கிறது. இத்தனை நாள் ஒளிந்திருந்த வைரஸ் புற்றுநோயாக மாறுமா? ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கணவர் கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. 12 வயது மகளுக்கும் ஒட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவரின் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள இந்த ஹெச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. தாம்பத்திய உறவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், வாழ்நாளில் ஒருமுறையேனும் வந்துபோகும் தொற்று இது. மணமான புதிதில் தொற்றி, பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்து, நாற்பதை ஒட்டிய வயதில் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்து ஒருவருடைய நடத்தையை எடைபோடுவது மருத்துவத்துக்கும் ஒவ்வாது, நியாயமும் ஆகாது. தயவுசெய்து இந்தப் பகுதியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருவோம். தொற்றியவர்களில் பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் இதை அடக்கிவிடுகிறது. அடங்காமல் நீடித்தால்தான் ஆபத்து. அதிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். 1983-இல் 16-ஆம் வகையைப் பிரித்தெடுத்துக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பு பலரும் ஹெர்ப்பிஸ் வைரஸையே சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

வைரஸ் செய்யும் கேட்டை விளக்க ஒரு பெண்மணியின் கதை போதும். அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் இந்நோயால் 1951-இல் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் முழு வைரஸ் இல்லை. 18-ஆம் வகையின் மரபணுத் துண்டுகளே மனித மரபணுவோடு ஒட்டிக்கிடக்கின்றன. அவை உருவாக்கும் இ6, இ7 என்ற இரு புரதங்கள், செல்லின் காவலர்களான பி53-ஐயும் ஆர்பியையும் செயலிழக்கச் செய்கின்றன. ஆய்வகத்தில் இ6, இ7 இரண்டையும் அடக்கினால், அத்தனை ஆண்டுகள் ஓயாமல் பெருகிய செல்களும் பெருக்கத்தை நிறுத்திவிடுகின்றன.

ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் சரியாக உள்ள பெண்ணுக்கு இந்த மாற்றங்கள் முற்றிப் புற்றுநோயாவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய் அன்று, எச்சரிக்கை. இருப்பினும் 16-ஆம் வகை என்பதால், பாப் ஸ்மியர் நார்மல் என்று வாளாவிருந்துவிடாமல், கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள்; ஓரிரு நிமிடங்களில் மாறுதலுற்ற இடம் வெள்ளையாக வெளுத்துக் காட்டும். லேசான எரிச்சல் இருக்கும், அவ்வளவே. சந்தேகம் இருந்தால் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். முன்நிலை மாற்றமாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் குளிர்வித்தோ சுட்டோ வெட்டியோ நீக்கிவிடலாம். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வராது.

நீங்கள் ஊட்டிவிடுவதாலோ உடன் படுத்து உறங்குவதாலோ மகளுக்கு இது ஒட்டாது. தடுப்பூசிக்கு மிகப் பொருத்தமான 9 முதல் 14 வயதுக்குள் அவள் இருக்கிறாள். இந்த ஆண்டே போட்டுவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொற்றை அந்த ஊசி போக்காது. ஆகவே கால்போஸ்கோப்பிக்கு இந்த வாரமே நேரம் வாங்குங்கள். போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கு மீதமுள்ள சந்தேகங்களை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.