காதுகுத்து மொய்ப் பணத்தை மகள் பெயரில் எங்கே போடலாம்?

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. காதுகுத்தில் வந்த மொய்யில் செலவு போக 18,000 ரூபாய் மிச்சம். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், வருடம் 18,000 கட்டும் குழந்தை பாலிசி எடுக்கச் சொல்கிறார். வீட்டில் தையல் வேலை செய்கிறேன், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எடுக்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் சகோதரி. முதல் தவணைக்கு மொய்ப் பணம் இருக்கிறது. அடுத்த வருடம் 18,000 எங்கிருந்து வரும்? தையலில் தீபாவளிக்கும் பள்ளி திறக்கும்போதும் கையில் காசு புரளும், ஆடியில் மிஷின் சும்மா கிடக்கும். பல பாலிசிகளில் முதல் சில வருடங்களிலேயே நிறுத்திவிட்டால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பாது.

உங்களைப் போல வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்குத் தபால் நிலையத்தின் செல்வமகள் சேமிப்புத் திட்டம்தான் பொருந்தும். 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத் தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். கையில் இருக்கும்போது கூட்டிப் போடலாம், இல்லாதபோது 250-ஓடு நிறுத்தலாம். அதுவும் விட்டுப்போனால், விட்டுப்போன 250-ஓடு வருடத்துக்கு 50 ரூபாய் அபராதம், அவ்வளவுதான்.

15 வருடம் பணம் போட வேண்டும், 21 வருடத்தில் முதிர்வு. 2024 ஜனவரியில் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை மாற்றலாம். இதே வட்டி நீடித்தால், இந்த 18,000 மட்டுமே 21 வருடத்தில் ஏறக்குறைய 94,000 ஆகிவிடும். மாதம் 1,000 போட முடிந்தால் நீங்கள் கட்டுவது 1,80,000, கைக்கு வருவது ஐந்தரை லட்சம் வரை.

ஒன்றை மறக்காதீர்கள்: எந்த மாதம் போட்டாலும் 5ஆம் தேதிக்குள் போடுங்கள். அதற்குப் பிறகு போடும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. என் மகள் கணக்கில் ஒரு ஏப்ரல் மாதம் 7ஆம் தேதி போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தேன். ஒரு மாத வட்டி போயிற்று. இப்போது காலண்டரில் 5ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆனால் இதில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியாது. மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயதான பிறகோதான் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். அதனால் 18,000 முழுவதையும் போடாதீர்கள். யூகேஜி ஃபீஸ், காய்ச்சல், மிஷின் ரிப்பேர் என்று எதுவும் வரலாம். 8,000 ரூபாயை உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காப்பீடே வேண்டாமா? வேண்டும், ஆனால் குழந்தைக்கு இல்லை, தினமும் வண்டி ஓட்டும் உங்கள் கணவருக்கு. அவருக்கு 50 வயது ஆகவில்லை என்றால் வங்கிக் கணக்கு மூலமாகப் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேரலாம். வருடம் 436 ரூபாய், அவர் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

தபால் நிலையத்துக்குப் போகும்போது மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவான நீங்களே காப்பாளராகக் கையெழுத்திடலாம்.