இரு பக்கமும் அந்நியன்: ‘நியூ வேர்ல்ட்’ கேள்வி பதில்

2013ஆம் ஆண்டு பார்க் ஹூன்-ஜங் எழுதி இயக்கிய இந்தக் கொரியப் படத்தில், ‘கோல்ட்மூன்’ என்னும் குற்றக் குழுமத்துக்குள் எட்டு ஆண்டுகளாக மறைந்து வாழும் காவலர் ஜா-சங்காக லீ ஜங்-ஜே நடித்திருக்கிறார். படத்தைப் பற்றி நான் எழுதியதற்கு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு விடை சொல்ல முடிவையும் பேச வேண்டியிருப்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கேள்வி: ஜா-சங் ஏன் இறுதியில் குழுமத்தின் பக்கம் போகிறான்? பதவி ஆசையா?

பதவி ஆசை என்று நான் நினைக்கவில்லை. மேலதிகாரி காங் (சோய் மின்-சிக்) இந்த வேலை முடிந்ததும் விடுவிப்பதாக வாக்குக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதை மீறுகிறார். ஜா-சங்கின் மனைவியையே அவனைக் கண்காணிக்கும் ஆளாக வைத்திருக்கிறார். மறுபுறம் குழுமத்துத் தலைவர்களில் ஒருவனான ஜோங் சோங் (ஹ்வாங் ஜங்-மின்), தான் ‘பிரதர்’ என்று அழைக்கும் ஜா-சங் காவலர்தான் என்பதைக் கண்டுபிடித்த பிறகும் அவனை உயிரோடு விட்டுவிடுகிறான். தன்னை அனுப்பியவர் கருவியாகவும், தான் ஏமாற்றியவன் தம்பியாகவும் நடத்தும்போது, மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த எட்டு ஆண்டுகளே தீர்மானித்துவிடுகின்றன. கடைசிக் காட்சியைக் கவனியுங்கள்: ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, யோசு என்னும் துறைமுக நகரில் ஒரு சண்டை முடிந்தபின் ஜா-சங் வாய்விட்டுச் சிரிக்கிறான். முழுப் படத்திலும் இறுகியே இருந்த அந்த முகம் அங்கேதான் திறக்கிறது.

கேள்வி: ஜா-சங், ஜோங் சோங் இருவரும் சீன வம்சாவளியினர் என்பதற்குக் கதையில் ஏதேனும் அவசியம் உண்டா?

நிச்சயமாக உண்டு. கொரியாவில் ‘ஹ்வாக்யோ’ என்று அழைக்கப்படும் இவர்களுடைய முன்னோர் பெரும்பாலும் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கொரியாவிலேயே வாழ்ந்தும், பலர் தைவான் கடவுச்சீட்டோடு அந்நியராகவே இருந்தார்கள்; நிரந்தர வசிப்புரிமைத் தகுதி 2002இல்தான் ஏற்பட்டது. பிறந்த மண்ணிலேயே வெளியாளாகப் பார்க்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் அண்ணன் தம்பியாக வரித்துக்கொள்வதால்தான், அந்த உறவு காவல்துறை அடையாள அட்டையைவிடக் கனமாகிறது.

கேள்வி: கொரியக் காவல்துறை உண்மையில் இப்படி ஆள் அனுப்புமா?

படத்தை வைத்துச் சட்டத்தை எடைபோட வேண்டாம். குற்ற எண்ணமே இல்லாதவரை விசாரணை அதிகாரி தூண்டிக் குற்றம் செய்யவைத்தால், அந்த வழக்கு செல்லாது என்பதே அங்குள்ள உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வேடமிட்ட விசாரணைக்கு வெளிப்படையான சட்ட அனுமதி 2021 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அப்போது சிறுவர்கள், பதின்ம வயதினர் மீதான இணையவழிப் பாலியல் குற்றங்களுக்காக, நீதிமன்ற அனுமதியோடு, மூன்று மாதங்களுக்கு, நீட்டித்தாலும் மொத்தம் ஓராண்டுக்கு மட்டுமே.

கேள்வி: இது ஹாங்காங்கின் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ படத்தின் நகல்தானே?

இல்லை. அந்த 2002ஆம் ஆண்டுப் படத்தின் உளவாளி, தன் காவலர் அடையாளம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஏங்குகிறான்; ஜா-சங் அதை அழித்துவிடுகிறான்.

கேள்வி: இது உண்மைக் கதையா? அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறார்?

இதே கேள்வி பல வடிவங்களில் வந்திருக்கிறது. இது கற்பனை. மீண்டும் சொல்கிறேன், படத்தை வைத்துச் சட்டத்தை எடைபோட வேண்டாம்.

கேள்வி: எந்தத் தளத்தில் பார்க்கலாம்?

அது அடிக்கடி மாறுவதால், உங்கள் தளத்திலேயே தேடிப் பாருங்கள்.

கேள்வி: காங்கைக் கொல்லச் சொன்னவன் ஜா-சங். நீங்கள் அந்தக் கொலைக்கு நியாயம் கற்பிக்கிறீர்கள்.

இந்தக் குற்றச்சாட்டை இன்னும் மூவர் எழுதியிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்று விளக்குவது வேறு, அவன் செய்தது சரி என்பது வேறு. கொலை கொலைதான், காங்கும் நேர்மையற்றவர் அல்லர், கோல்ட்மூன் கட்டுமீறி வளரக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் உள்ளே அனுப்பிய மனிதனுக்கு வெளியே வரும் வழியை வைக்காமல் எட்டு ஆண்டுகள் நிறுத்திவைத்தவர் அவர்தான். ‘அவன் கெட்டவன்’ என்று முடித்துவிட்டால், அந்தப் பொறுப்பைப் பற்றிப் பேசவே இடமில்லாமல் போகும். தலைவர் நாற்காலியில் அமர்ந்த ஜா-சங்கின் முகத்தில் வெற்றிக் களிப்பு சற்றும் இல்லை என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.