மனைவி பெயரில் கல்வி அறக்கட்டளை: ஐந்து லட்சத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: மேலூர் பக்கம் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். போன வருடம் மனைவி இறந்துவிட்டார். நான் எம்.ஏ. படித்த பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் 5 லட்சம் ரூபாய்க்கு அறக்கட்டளை வைத்து, ஏழை மாணவிகளுக்கு உதவ நினைக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகனும் 5 லட்சம் தருகிறேன் என்கிறான். தெரிந்த ஒருவர், "ஒரு டிரஸ்ட் மூலமாகக் கொடுங்கள், வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கூடுதலாகவே வாங்கித் தருகிறேன்" என்கிறார். தம்பியோ, "புதுமைப்பெண் திட்டத்தில் அரசாங்கமே மாதம் ஆயிரம் தருதே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தத் 'தெரிந்தவரை' வாசலோடு அனுப்பிவிடுங்கள் சார்.

ரசீது கூடுதலாக வருவது எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் செக் கொடுப்பீர்கள். கமிஷன் போக பெரும்பகுதி சில நாளில் ரொக்கமாக உங்கள் கைக்கே திரும்பி வரும். ரசீதில் மட்டும் முழுத்தொகை இருக்கும். மாணவிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூடப் போகாது. வருமான வரித்துறை அந்த டிரஸ்டைப் பிடித்தால், பட்டியலில் இருக்கும் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் வரும். டிரஸ்ட் நடத்தியவர் போனை அணைத்துவிடுவார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்வது பென்ஷன்காரர்கள்தான். வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு 80ஜி தேவையே இல்லை. புதிய வரி முறையில் இருந்தால் உங்கள் பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்து 12 லட்சம் வரை வரி கிடையாது. அந்த முறையில் நன்கொடைக்குக் கழிவும் கிடையாது. பழைய முறைக்குப் போனாலும் பெரிதாக ஒன்றுமில்லை. பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கொடுப்பதில் பாதிதான் கழியும், அதுவும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற வரம்புக்குள். வருமானம் 7 லட்சம் என்றால், கணக்கில் எடுப்பது 70,000. அதில் பாதி 35,000. நீங்கள் கொடுத்த 5 லட்சத்துக்கு இவ்வளவுதான் கழிவு. இதற்காகவா அந்த ஆளோடு சங்காத்தம்?

மகன் விஷயம்தான் சிக்கல், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது கேள்வி இல்லை, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. கிரீன் கார்டு வாங்கி இருபது வருடம் அங்கேயே இருந்தாலும், கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர் இந்தியர். சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாரா? அப்போது ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் வெளிநாட்டவர்தான். அவர் பணத்தைப் பெற, கல்லூரியோ டிரஸ்டோ வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பணமும் முதலில் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். மேலூரில் வாழ்ந்த அம்மா பெயரில் மதுரையில் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் பணம், டெல்லி சுற்றி வரவேண்டும் என்று 2020-இல் சட்டம் திருத்தினார்கள். யாருக்கு என்ன லாபமோ!

உடனே "அப்பா கணக்குக்கு அனுப்பி, அப்பா கொடுத்தால் போச்சு" என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றுகிறது. வெளிநாட்டவரிடம் வாங்கிய பணத்தை எத்தனை கை மாற்றிக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே இன்று இரவே மகனுக்குப் போன் போட்டு, "தம்பி, உன் பாஸ்போர்ட் என்ன கலர்?" என்று கேளுங்கள். நீலம் என்பார். இந்தியா, அமெரிக்கா இரண்டு பாஸ்போர்ட்டுமே நீலம்தான், மேலட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருவோம். நேரே போய் பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைகளைக் கவனிக்கும் பிரிவைக் கேளுங்கள். துறைத்தலைவர், பேராசிரியர், முன்னாள் மாணவர் சங்கத்துக்காரர் என யார் கேட்டாலும் கையில் பணம் தராதீர்கள், ஜிபேயும் வேண்டாம். அறக்கட்டளையை ஆட்சிக்குழு தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும், அதன் நகல் உங்களுக்கு வேண்டும். "இது மூலதன நிதி, அசலைத் தொடக்கூடாது, தனி வைப்பு நிதியில் போட்டு வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும்" என்று கடிதத்தில் எழுதுங்கள். சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் பல்கலைக்கழகங்கள் திண்டாடுகிற காலம் இது. பொதுக்கணக்கில் போட்டால் உங்கள் 5 லட்சம் அண்டாவில் விழுந்த உப்புதான்.

நிபந்தனையைக் குறுக்காதீர்கள். என் தந்தையார் பெயரில் 1994-இல் ஒரு கல்லூரியில் 25,000 ரூபாய் வைத்தேன். "வாடிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த, தாவரவியலில் முதல் மதிப்பெண் பெறும் மாணவருக்கு" என்று ஆசையாக எழுதினேன். நான்கு வருடம் தகுதியான ஆள் இல்லை என்று பணம் அப்படியே கிடந்திருக்கிறது. எனக்கு ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. போய்க் கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு சார்" என்றார்கள். மேலே என்றால் எத்தனாவது மாடி என்று கேட்டேன், முறைத்தார்கள். அன்று 12 சதவீதத்தில் 3,000 ரூபாய் வந்தது, இன்று 7 சதவீதம் என்றால் 1,750. உங்களுக்கு 5 லட்சத்தில் வருடம் 35,000 வரலாம். ஆகவே முதல் மதிப்பெண், கேடயம், மேடை எல்லாம் வேண்டாம். 'தேர்வுக் கட்டணமோ விடுதிக் கட்டணமோ கட்ட முடியாத மாணவிகள்' என்று எழுதுங்கள், எத்தனை பேர் என்பதை அவர்களிடம் விடுங்கள்.

தம்பிக்கு என்ன சொல்வது? அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் வருகிறது, டவுன் பஸ்ஸும் இலவசம், நல்ல விஷயம். ஆனால் மெஸ் பில்லுக்கு ஆயிரம் எந்த மூலைக்கு? கல்வி உதவித்தொகை வங்கிக்கு வந்து சேர்வதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். தேர்வுக் கட்டணத்துக்கோ கடைசித் தேதி உண்டு, அதன் பிறகு அபராதம். உசிலம்பட்டியிலிருந்து வரும் பெண், தோட்டைக் கழற்றி அடகு வைப்பது அந்த ஒரு வாரத்தில்தான். கொடுப்பவர்களுக்கும் அவரவர் காரணம் இருக்கிறது. ஒத்தக்கடை பக்கம் கொடிக்குளத்தில், வங்கி ஊழியர் ஆயி பூரணம் அம்மாள் 1.52 ஏக்கர் நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார், மறைந்த மகள் ஜனனியின் நினைவாக. 2024 ஜனவரியில் ஊரே பேசியது. "அரசாங்கம் கட்டாதா?" என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

இன்னொன்று. கல்லூரியில் யாராவது 'டொனேஷன்' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு சீட்டுக்குக் கொடுக்கும் பணம் என்றுதான் அர்த்தம். 1992-லேயே தமிழ்நாட்டில் அதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது, வார்த்தை மட்டும் போகவில்லை. பேரப்பிள்ளைக்கு அதே இடத்தில் சீட்டு கேட்கும் எண்ணம் இருந்தால், இந்த அறக்கட்டளையை இப்போது தொடாதீர்கள்.

அப்புறம், தீர்மானத்தில் உங்கள் மனைவியின் பெயரும் இன்ஷியலும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்துக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். என் தந்தையாரின் இன்ஷியல் அந்தக் கல்லூரிச் சான்றிதழில் பதினொரு வருடமாக மாறித்தான் அச்சாகிறது.